பாட்டு கேக்கு... கத வெளங்கல!

(மூன்றாம் ஆண்டு மின்னணு மற்றும் தொடர்பியல் மாணவன், புளியங்குடி)



'டிலே' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது காலை பஸ். அடுத்தது முதல் பீரியட் அட்டெண்டன்ஸ். தாமதம் என்றால் வகுப்பு வாசலில் நிற்பது, தாமதம் என்றால் ஹெச்.ஓ.டி. அறைக்குப் போவது என்று பழகிப்போன உங்களிடம் வந்து, "வேண்டுமென்றே தாமதப்படுத்துவதற்காக ஒரு பெட்டி செய்திருக்கிறேன், அதில் ஒன்றுக்கு இரண்டு சேனல் இருக்கிறது" என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். இந்த மலரில் காதல் கவிதை எழுதியிருக்கும் நண்பர்கள் மட்டும் மன்னிக்க வேண்டும். இதில் மில்லி செகண்டு கணக்கு கொஞ்சம் வரும்.

எங்கள் பக்கம் கோயில் கொடை என்றால் என்னவென்று நெல்லை, தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர் நண்பர்களுக்காக ஒரு வரி: அம்மனுக்கு ஊரே சேர்ந்து எடுக்கும் விழா. மேளம் இருக்கும், கரகம் இருக்கும், வேட்டு இருக்கும். இவற்றுக்கு நடுவே வில்லுப்பாட்டு இருக்கும். வில்லுப்பாட்டு வெறும் பாட்டு இல்லை. சாமி பிறந்த கதையை, ஊருக்கு வந்த கதையை, பாதி பாட்டாகவும் பாதி பேச்சாகவும் மணிக்கணக்கில் சொல்வது. புத்தகம் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் புத்தகம். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்த முதல் ஆள் நான். எனக்கு முந்திய தலைமுறைக்குத் தெரிந்த கதை, கணக்கு, வைத்தியம் எல்லாமே காது வழியாக வந்தவை. ஆச்சிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் முத்துப்பட்டன் கதையை நிறுத்தாமல் சொல்வாள்.

அந்த ஆச்சிக்கு இப்போது முழங்கால் வலி. கோயில் பந்தல் வரை நடக்க முடியாது. எங்கள் வீடு தெருவின் மறுகோடியில். திண்ணையில் உட்கார்ந்து கேட்கலாமே என்றால், கம்பத்துக்குக் கம்பம் பாக்ஸ் கட்டியிருந்தும் ஒரே புலம்பல். "பாட்டு கேக்குலே ராசா... கத வெளங்கல" என்பாள். காது மந்தம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஆனால் பக்கத்தில் இருந்து மெதுவாகப் பேசினால் அவளுக்கு நன்றாகக் கேட்கும். என் காதுக்கு வயது பதினெட்டு. அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் எனக்கும் கதை விளங்கவில்லை!

காரணம் எளிது. குளத்துக்கு அக்கரையில் ஒருவர் துணி துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுவது முதலில் தெரியும், 'பட்' என்ற சத்தம் பிந்தித்தான் வரும். காற்றில் ஒலி அவ்வளவு மெதுவாகப் போகிறது. 0 டிகிரி குளிரில் அதன் வேகம் நொடிக்கு 331 மீட்டர். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடும். எங்கள் ஊர் இரவில் 28 டிகிரி என்று வைத்தால் 348 மீட்டர். அதாவது ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி செகண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதே குரல் ஒயர் வழியாகப் போனால் 85 மீட்டரை ஒரு மைக்ரோ செகண்டுக்குள் கடந்துவிடும். ஆக, பந்தலில் பாட்டுக்காரர் ஒரு சொல்லைச் சொன்னதும், எங்கள் வீட்டுப் பக்கத்துக் கம்பத்தில் உள்ள பாக்ஸ் அதை உடனே சொல்லிவிடுகிறது. பந்தலில் உள்ள பெரிய பாக்ஸின் சத்தம் காற்றில் நடந்து வந்து சேர 244 மில்லி செகண்டு ஆகிறது. ஒரே சொல் இரண்டு தடவை!

ஏன் பாட்டு மட்டும் தப்பித்துக்கொள்கிறது? பாட்டில் நெடில் நீண்டு நிற்கும். இரண்டு தடவை கேட்டாலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து போகும். பேச்சு அப்படி இல்லை. சாதாரணமாகப் பேசும்போது ஒரு நொடிக்கு நாலைந்து அசை வாயிலிருந்து வரும். ஒரு அசைக்கு சுமார் 200 மில்லி செகண்டு. அப்படியானால் 244 மில்லி செகண்டு பிந்தி வரும் சத்தம் சரியாக அடுத்த அசையின் தலையில் வந்து விழும். தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்த இந்த அரை மாத்திரை எவ்வளவு பெரிய ஆள் என்று தெருக்கோடியில்தான் தெரிந்தது. 'வந்தான்' என்பதற்கும் 'வந்தாள்' என்பதற்கும் வித்தியாசம் கடைசி அரை மாத்திரை மட்டுமே. அது நசுங்கிவிட்டால் வந்தது ஆணா பெண்ணா என்றே தெரியாது. முத்துப்பட்டன் கதையில் பொம்மக்கா, திம்மக்கா என்று அக்காள் தங்கை இருவர். இரட்டைச் சத்தத்தில் இரண்டு பேரும் 'ம்மக்கா' ஆகிவிடுகிறார்கள். கதை எப்படி விளங்கும்?

மைக் செட் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் கை வைத்தால் சத்தம் கூடும் என்று ஊரில் பெயர். "எலே தம்பி, கேக்கலேன்னா வால்யூம ஏத்திருவோம்" என்றார். ஏற்றினார். பந்தலுக்கு முன்னால் இருந்த பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். தெருக்கோடியில் இரட்டைச் சத்தம் இரண்டு மடங்கு பெரிய இரட்டைச் சத்தமானது. அவ்வளவுதான் பலன்.

அப்புறம்தான் ப்ராஜக்டுக்கு இதையே எடுப்பது என்று முடிவு செய்தேன். விஷயம் புதிதல்ல. லண்டனில் உள்ள செயின்ட் பால் தேவாலயம் மிகப் பெரிய கல் கட்டடம். உள்ளே பேசினால் எதிரொலிதான் மிஞ்சும். 1950-களின் தொடக்கத்தில் பார்க்கின், டெய்லர் என்ற இருவர் அங்கே ஸ்பீக்கர் அமைத்தபோது, விளிம்பில் காந்தப் பூச்சு பூசிய ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டார்கள். ஒரு தலை குரலைப் பதியும். சற்றுத் தள்ளி உள்ள வேறு தலைகள் அதைப் படிக்கும். சக்கரம் அந்த இடைவெளியைச் சுற்றி வரும் நேரம்தான் தாமதம். எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்! மெக்கானிக்கல் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். 1971-ல் அமெரிக்காவில் டிஜிட்டல் டிலே கருவிகள் விற்பனைக்கு வந்தன. 1973 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் என்ற இடத்தில் சுமார் 6 லட்சம் பேர் கூடிய இசை நிகழ்ச்சியில், தூரத்துக் கோபுர ஸ்பீக்கர்களுக்கு அப்படிப்பட்ட கருவி வழியாகத்தான் சத்தம் கொடுத்தார்கள். ஆறு லட்சம் பேருக்குச் செய்ததை எங்கள் தெருவுக்குச் செய்ய முடியாதா என்ன?

இன்றைக்குப் பெரிய சவுண்டு சர்வீஸ்காரர்களிடம் உள்ள டிஜிட்டல் பிராசசரில் இந்த வசதி ஒரு பட்டனில் இருக்கிறது. எங்கள் அண்ணாச்சியிடம் இருப்பது சாதாரண மிக்சரும் ஆம்ப்ளிபயர்களும். அதனால் நான் எடுத்தது பி.டி.2399 என்ற சிப். எக்கோ போர்டு என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் உள்ளே இருப்பது இதுதான். வரும் ஒலியை பிட்களாக மாற்றி, 44 கிலோபிட் நினைவகத்தில் வரிசையில் நிற்க வைத்து, மறுமுனையில் திரும்ப ஒலியாக்கித் தரும். ரேஷன் கடை வரிசை மாதிரி. வரிசை நகரும் வேகத்தைக் குறைத்தால் தாமதம் கூடும். அந்த வேகத்தை 6-வது காலில் போடும் ரெசிஸ்டர் தீர்மானிக்கிறது. சுமார் 30 முதல் 340 மில்லி செகண்டு வரை கிடைக்கும். நீளமாக்க நீளமாக்க இரைச்சலும் விகாரமும் கூடும் என்பது இதன் குறை. சினிமா பாட்டுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பேச்சுக்குப் போதும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "எக்கோ எங்கிட்டயே இருக்கே தம்பி, நீ என்ன புதுசா?" என்று அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. எக்கோவில் நேர்க் குரலும் தாமதக் குரலும் கலந்து வெளியே வரும். வெளியே வந்ததில் கொஞ்சம் திரும்ப உள்ளே போய் மறுபடி மறுபடி ஒலிக்கும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். எக்கோவை உண்டாக்கும் சிப்பை வைத்தே எக்கோவை ஒழிக்க வேண்டும். சர்க்யூட்டில் நேர்க் குரல் போகும் ரெசிஸ்டரைக் கழற்ற வேண்டும். திரும்பப் போகும் பாதையையும் வெட்ட வேண்டும். தாமதமான குரல் மட்டும், ஒரே ஒரு தடவை, வெளியே வர வேண்டும். கடையில் வாங்கிய டிலே யூனிட்டாக இருந்தாலும் இதே விதிதான்: மிக்ஸ் முழுக்கத் தாமதம் பக்கம், ஃபீட்பேக் பூஜ்யம்.

சேனலுக்கு ஒரு சிப். பெட்டிக்குப் பழைய ஸ்டெபிலைசர் கூடு. 5 வோல்ட் சப்ளைக்கு இரண்டு சிப்புக்கும் தனித்தனி 7805 போட்டேன். ஒரே சப்ளையில் இரண்டையும் ஓட்டினால் இரண்டின் கிளாக்கும் ஒன்றோடொன்று மோதி மெல்லிய விசில் சத்தம் வரும். செய்ய நினைக்கும் ஜூனியர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 6-வது காலில் வேரியபிள் ரெசிஸ்டரோடு 2 கிலோ ஓம் ஒன்றைக் கண்டிப்பாகத் தொடராகச் சேர்க்க வேண்டும். அங்கே ரெசிஸ்டன்ஸ் மிகவும் குறைந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் சிப் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. வெளியே குமிழ் வைக்கவில்லை. உள்ளே பல சுற்று பிரிசெட் வைத்து ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும்படி செய்தேன். கொடைப் பந்தலில் கைக்கு எட்டும் குமிழை எத்தனை சின்னப் பையன்கள் திருப்புவார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்தவன்தானே! லேபில் சி.ஆர்.ஓ.வின் ஒரு சேனலில் இன்புட்டையும் மற்றதில் அவுட்புட்டையும் கொடுத்து, மைக்கை ஒரு தட்டு தட்டினால் இரண்டு முட்கள் தெரியும். அவற்றின் இடைவெளியே தாமதம்.

இனி தெருவுக்கு வருவோம்.

முதல் வேலை அளப்பது. சிவில் பிரிவு நண்பன் 30 மீட்டர் டேப்புடன் வந்தான். (அவன் இல்லாமல் இந்தக் கட்டுரை இல்லை. சிவில்காரர்கள் நமக்குப் பயன்படுவதே இல்லை என்ற பழிச்சொல் இத்துடன் நீங்கட்டும்!) பந்தல் பாக்ஸிலிருந்து முதல் கம்பம் 40 மீட்டர், இரண்டாவது 85 மீட்டர்.

இரண்டாவது வேலை ஒயரிங்கைப் பிரிப்பது. இதில்தான் பாதி நாள் போனது. அண்ணாச்சியின் வழக்கப்படி ஒரே ஆம்ப்ளிபயரிலிருந்து லைன் இழுத்துத் தெரு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் கட்டிவிடுவார். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் டிலே போட முடியாது; ஆம்ப்ளிபயருக்கு முன்னால்தான் போட முடியும். ஆகவே, எத்தனை விதமான தாமதம் வேண்டுமோ அத்தனை ஆம்ப்ளிபயர் வேண்டும். பந்தலுக்கு ஒன்று, முதல் கம்பத்துக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று என மூன்று. மிக்சரின் மெயின் அவுட் நேராகப் பந்தல் ஆம்ப்ளிபயருக்கு. இன்னொரு அவுட் நம் பெட்டிக்கு. பெட்டியின் 'அ' சேனல் இரண்டாவது ஆம்ப்ளிபயருக்கு, 'ஆ' சேனல் மூன்றாவதுக்கு. மிக்சரிலிருந்து வரும் அளவு 5 வோல்ட் சிப்புக்கு அதிகம். உள்ளே நுழையும் இடத்தில் குறைத்து, வெளியே வரும் இடத்தில் அதே அளவுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். பாட்டுக்காரர் உச்சத்தில் கத்தும்போதும் குரல் கரகரக்கக் கூடாது; அதைக் கேட்டுத்தான் இன்புட் அளவை நிறுத்தினேன்.

மூன்றாவது வேலை அண்ணாச்சியுடன் சண்டை. குழாய் ஸ்பீக்கரைப் போலீஸார் கழற்றச் சொன்னதிலிருந்து எங்கள் தெருவில் பாக்ஸ்தான். ஆனால் பழைய பழக்கம் போகவில்லை: கம்பத்துக்கு இரண்டு, முதுகோடு முதுகு, ஒன்று கிழக்கே பார்க்க, மற்றது மேற்கே பார்க்க. டிலே வைக்கும்போது பந்தலைத் திரும்பிப் பார்க்கும் பாக்ஸ் விஷம். கணக்குப் போட்டால் தெரியும். இரண்டாவது கம்பத்துக்கு 268 மில்லி செகண்டு தாமதம் கொடுக்கிறோம் (இந்த எண் எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன்). அந்தச் சத்தம் திரும்பி 85 மீட்டர் நடந்து பந்தலுக்குப் போக இன்னொரு 244. மொத்தம் அரை நொடிக்கு மேல். பாட்டுக்காரர் சொன்ன சொல் அரை நொடி கழித்து அவர் காதிலேயே விழுந்தால் அவருக்குத் தாளம் நிற்குமா? டிலே ஒரு திசைக்குத்தான் வேலை செய்யும். மேடையை விட்டு விலகிப் போகும் திசைக்கு. "ஒத்த பாக்ஸு கட்டுனா செட்டுக்கு என்னலே மரியாதி?" என்றார் அண்ணாச்சி. கடைசியில் இரண்டாவது பாக்ஸும் கம்பத்திலேயே இருக்கட்டும், ஒயர் மட்டும் கொடுக்க வேண்டாம் என்று சமாதானம் ஆனது. பார்ப்பவர்களுக்கு இரண்டு, கேட்பவர்களுக்கு ஒன்று!

இப்போது எண்கள். 40 மீட்டருக்கு 115 மில்லி செகண்டு. அத்தோடு நிறுத்தக் கூடாது. இங்கேதான் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் வருகிறார். 1949-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வின் சாரம் இது: ஒரே பேச்சு இரண்டு திசையிலிருந்து சில மில்லி செகண்டு முதல் 30 மில்லி செகண்டு வரையான இடைவெளியில் வந்தால், காது அதை இரண்டாகக் கேட்காது. முந்தி வந்த திசையிலிருந்தே முழுவதும் வருவதாக எண்ணிக்கொள்ளும். பிந்தி வந்தது 10 டெசிபல் வரை பெரிதாக இருந்தாலும் அப்படித்தான். 10 டெசிபல் என்றால் சக்தியில் பத்து மடங்கு! முந்தி வந்தவனுக்கே பெயர். பிந்தி வந்தவன் பாடுபட்டாலும் பெயர் கிடையாது. வீட்டில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இந்த விதி ஏற்கனவே தெரிந்திருக்கும்.

ஆகவே 115-உடன் ஒரு 12 சேர்த்து 127. முதல் கம்பத்து பாக்ஸ் பந்தல் சத்தத்துக்கு 12 மில்லி செகண்டு பின்னால் பேசும். இரண்டாவது கம்பத்தருகே பந்தலை விட முதல் கம்பத்தின் சத்தமே பலமாகக் கேட்கும். ஆகவே அதைத்தான் துணையாகக் கொள்ள வேண்டும். முதல் கம்பம் 127-ல் பேசுகிறது, அங்கிருந்து 45 மீட்டர் நடக்க 129, ஆக 256. அதனுடன் 12 சேர்த்து 268. மேலே சொன்ன எண் இதுதான்.

கணக்குப் போட்டுத் திருப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். காதால் சரிபார்க்க வேண்டும். இதற்கு வில்லுப்பாட்டைப் போல உதவி செய்யும் கலை வேறில்லை. குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் கூர்மையான சத்தம். சாயங்காலம் பந்தலில் ஆட்கள் சேருமுன் கட்டை போடும் அண்ணனிடம், "அண்ணே, நொடிக்கு ஒண்ணா தட்டிக்கிட்டே இருங்க" என்று கேட்டுக்கொண்டேன். மற்ற சேனலை அணைத்துவிட்டு முதல் கம்பத்தின் கீழே நின்றேன். அந்த பாக்ஸின் சத்தத்தைக் குறைத்து, பந்தல் சத்தமும் அதுவும் ஒரே அளவாகக் கேட்கும்படி வைத்தோம். அளவு சமமாக இருந்தால்தான் இடைவெளி காதுக்குப் பிடிபடும். 'டக்-டக்' என்று இரண்டாகக் கேட்டது. பெட்டியருகே இருந்த நண்பனுக்கு செல்போனில் சொல்லச் சொல்ல அவன் பிரிசெட்டைத் திருப்பினான். 'ட-டக்' ஆனது, பிறகு 'டக்'. ஒன்று! அங்கிருந்து இன்னும் 12 மில்லி செகண்டு கூட்டச் சொன்னேன். எத்தனை சுற்றுக்கு எவ்வளவு என்று லேபிலேயே அளந்து மூடியில் ஒட்டியிருந்தோம். அதன்பின் பாக்ஸின் சத்தத்தை ஏற்றினோம். இரண்டாவது கம்பத்துக்கும் இதே முறை. முதல் கம்பத்தைத் துணையாக வைத்து.

கதை ஆரம்பித்து அரை மணி இருக்கும். அண்ணாச்சி வேகமாக வந்தார். "எலே, ரெண்டாவது கம்பத்துல பாக்ஸு ஓடலியே! நான் கீழ நின்னு கேட்டுட்டுத்தான் வாரேன், சத்தம் பூரா பந்தல்ல இருந்துல்லா வருது!" நான் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, அங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்து 'ஆ' சேனல் ஆம்ப்ளிபயரை அணைத்தேன். கதை பொசுக்கென்று மங்கிப் போனது. திரும்பப் போட்டேன். தெளிந்து வந்தது, ஆனால் பந்தல் திசையிலிருந்து! மறுபடி அணைத்து, மறுபடி போட்டு, மூன்று தடவை செய்து காட்ட வேண்டியிருந்தது. ஹாஸ் என்றொருவர் இருந்தார் என்று நான் சொன்னதை அண்ணாச்சி காதில் வாங்கவில்லை. கம்பத்தின் கீழே போய் பாக்ஸை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வடக்கே பிரியும் சந்தில் நின்றால் இன்னும் இரட்டைச் சத்தம்தான். நேர்க்கோட்டுக்குப் போட்ட கணக்கு சந்துக்குப் பொருந்தாது. அங்கே உள்ளவர்கள் பாவம். ஆனால் ஒரு லாபம்: கோடியில் உள்ளவர்களுக்காகப் பந்தலில் சத்தத்தை ஏற்ற வேண்டிய அவசியம் போயிற்று. தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும்; அதை முன்வரிசைக்காரர் காதை அடைத்து ஈடுகட்டுவதுதான் பழைய முறை. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். நேரம் கட்டுப்பட்டுவிட்ட காலத்தில், கிடைக்கும் நேரத்திலாவது கதை விளங்க வேண்டாமா?

வெப்பத்தைப் பற்றி ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. மதியக் கொடையின்போது 38 டிகிரி என்றால் ஒலி 354 மீட்டர் வேகத்தில் ஓடும். 85 மீட்டருக்கு 240 மில்லி செகண்டே ஆகும். இரவில் 26 டிகிரிக்கு இறங்கினால் 245. வித்தியாசம் 5. நாம் கூட்டி வைத்த 12-க்குள் இது அடங்கிவிடும். தொட வேண்டாம் என்பது என் கட்சி. கிலோமீட்டர் கணக்கில் ஸ்பீக்கர் கட்டுபவர்கள் கவலைப்படட்டும்.

மறுநாள் காலை ஆச்சி கோபமாக இருந்தாள். பாட்டுக்காரர் மேல். "பெரியவ சொன்னத சின்னவ சொன்னதா மாத்திச் சொல்லிட்டுப் போறான். கேக்க ஆளில்லன்னு நெனச்சுக்கிட்டான் போல. பொம்மக்கா எங்க, திம்மக்கா எங்க!" என்று அம்மாவிடம் புலம்பிக்கொண்டே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷமாக அவள் வில்லுப்பாட்டில் தப்புக் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடிக்கும்படி கேட்கவில்லை. அவளுக்கு நான் பெட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சொன்னால், "அவன் தப்பா சொல்லுதத எதுக்குலே இவ்வளவு நல்லா கேக்க வச்ச?" என்று என்னைத்தான் திட்டுவாள்.

இப்போது அண்ணாச்சிக்கு ஆசை பிறந்துவிட்டது. அடுத்த கொடைக்கு மேலத் தெரு முக்கு வரை மூன்றாவது கம்பம் வேண்டுமாம். அது பந்தலிலிருந்து 160 மீட்டர். இரண்டாவது கம்பத்தின் 268-உடன் 75 மீட்டருக்கு 215, மேலே 12, ஆக 495 மில்லி செகண்டு. ஒரு சிப்பின் எல்லையான 340-ஐத் தாண்டிவிடுகிறது. இரண்டு சிப்பைத் தொடராகப் போட வேண்டும். இரண்டையும் சரிபாதியாக 247, 247 என்று வைத்தால் கிளாக் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகி, முன்னே சொன்ன விசில் வந்துவிடும். அதனால் ஒன்று 220, மற்றது 275 என்று பிரித்து வைப்பதாக இருக்கிறேன். இரைச்சல் இரண்டு மடங்காகும். அதை வடிகட்ட ஒரு நல்ல லோ பாஸ் ஃபில்டர் வேண்டும். இரண்டாம் ஆண்டு ஈ.சி.இ. தம்பிகளில் யாருக்காவது சால்டரிங்கில் கை சுத்தமாக இருந்தால் லேபில் வந்து என்னைப் பாருங்கள். ஸ்டெபிலைசர் கூட்டில் இன்னும் ஒரு போர்டுக்கு இடம் இருக்கிறது.